காது கேளாத நாயும் முட்டத்துக் கலங்கரை விளக்கமும்

எங்கள் வீட்டு வெள்ளையனுக்குக் காது கேட்காது. இதை நாங்கள் அறிந்துகொண்டது ஒரு தீபாவளிக் காலையில். தெருவெங்கும் சரவெடி வெடித்துக்கொண்டிருந்தது. எங்கள் மூத்த நாயான சிட்டு கட்டிலுக்கு அடியில் புகுந்து நடுங்கிக்கொண்டிருந்தாள். ஐந்து மாதக் குட்டியான வெள்ளையனோ முன்வாசல் படியில் நான்கு கால்களையும் பரப்பிக்கொண்டு குறட்டை விட்டுத் தூங்கினான். "பயமறியாத பிள்ளை" என்று அம்மா மெச்சிக்கொண்டாள். இரண்டு நாள் கழித்து, அவன் முதுகுக்குப் பின்னால் ஒரு எவர்சில்வர் தாம்பாளம் சிமெண்டுத் தரையில் விழுந்து உருண்டபோதும் அவன் காது மடல் அசையாமல் இருந்ததைப் பார்த்த பிறகுதான் எங்களுக்கு உறைத்தது.

கால்நடை மருத்துவர் இதில் வியப்படையவில்லை. ராஜபாளையம் நாய் என்றால் பால்வெள்ளை உடல், இளஞ்சிவப்பு மூக்கு என்று வளர்ப்பவர்கள் தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்தெடுத்து வந்திருக்கிறார்கள். 2005-இல் அஞ்சல் துறை இந்திய நாய் இனங்களுக்காக வெளியிட்ட நான்கு அஞ்சல்தலைகளில் ஒன்றில் இடம்பெற்ற பெருமை இந்த இனத்துக்கு உண்டு. ஆனால் அந்த வெண்மைக்கு ஒரு விலையும் உண்டு. நிறம் தரும் அணுக்கள் தோலிலும் உரோமத்திலும் மட்டும் இருப்பவை அல்ல. உட்செவியிலும் அவற்றுக்கு வேலை இருக்கிறது. அங்கே அவை இல்லாமற்போனால், ஒலியை உணரும் நுண்ணணுக்கள் குட்டி பிறந்த சில வாரங்களிலேயே அழிந்துவிடுகின்றன. அழகு பார்த்து இணை சேர்த்ததன் கணக்கைக் குட்டி தீர்க்கிறது என்பதுதான் என் எண்ணம்; வெள்ளை நிறத்தைப் போற்றுபவர்கள் கோபித்துக்கொண்டாலும் பாதகமில்லை.

காது கேளாத நாயை எப்படிக் கூப்பிடுவது? பகலில் கையைக் காட்டலாம். இருட்டிவிட்டால், எங்கள் வீட்டைச் சுற்றியுள்ள தென்னை விளையில் அவன் எந்த மரத்து மூட்டில் நிற்கிறான் என்று தேடிப் பிடிப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிடும். ஆகவே டார்ச் விளக்கை எடுத்தோம். இரண்டு முறை மின்னினால் "வா", ஒரு முறை நீளமாக எரிந்தால் "அங்கேயே இரு". ஒவ்வொரு முறை அவன் வந்தபோதும், தண்ணீரில் ஊறவைத்து உப்பு நீக்கிய நெத்திலிக் கருவாட்டில் ஒரு துணுக்கு. மூன்று வாரத்தில் கற்றுக்கொண்டான். இதைச் செய்து பார்க்க விரும்புகிறவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும்: ஒளிப்பொட்டைத் தரையில் ஓடவிட்டு நாயைத் துரத்த வைக்காதீர்கள். பிடிக்கவே முடியாத ஒன்றைத் துரத்திப் பழகிய நாய்க்கு அது ஒரு பித்தாகவே முற்றிவிடும். பிறகு சுவரில் விழும் ஒவ்வொரு நிழலையும் துரத்தும். லேசர் விளக்கைத் தொடவே வேண்டாம்.

இந்த டார்ச் கதையைக் கேட்டுவிட்டு, விடுமுறைக்கு வந்திருந்த என் அக்காள் மகன், பன்னிரண்டு வயது, ஒரு கேள்வி கேட்டான். "மாமா, இவனைக் கலங்கரை விளக்கத்துக்குக் கொண்டுபோனால் என்ன செய்வான்?" அதற்கு எனக்குப் பதில் தெரியவில்லை. கலங்கரை விளக்கம் இருக்கிற கடற்கரை ஊரான முட்டம் நாகர்கோவிலிலிருந்து பதினாறு கிலோமீட்டர்தான்.

தை மாதத்தில் போனோம். ஆனி, ஆடியில் தென்மேற்குப் பருவக்காற்றோடு முட்டத்துக் கடல் பாறைகளில் ஏறி அடிக்கும்; விசைப்படகுகள் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை தடைக்காலத்தில் கரையில் கிடக்கும் நாட்கள் அவை. அந்தக் கடலுக்கு நாய்களையும் சிறுவனையும் கூட்டிச் செல்வது அறிவுடைய செயலாகாது. தை மாதத்திலோ கடல் அடங்கியிருக்கும், வெயில் மட்டும் அடங்காது. ஆகவே மூன்றரை மணிக்குப் பிறகே கிளம்பினோம். ஐந்து லிட்டர் தண்ணீர்க் கேன், குடிக்க வைக்க இரண்டு பெரிய சிரட்டை, நீளமான இரண்டு கயிறு, ஒரு பழைய சாக்கு, கருவாட்டு டப்பா, டார்ச். வெள்ளிச்சந்தை தாண்டுவதற்குள் சிட்டு பின்சீட்டில் வாந்தி எடுத்தாள். சாக்கு எதற்கு என்று கேட்ட அக்காளுக்கு அப்போது விளங்கியது. அம்மாண்டிவிளையில் ஒரு குழாயடியில் நிறுத்திக் கழுவினோம். வெள்ளையன் வழி நெடுக மூக்கை ஜன்னல் இடுக்கில் நுழைத்துக்கொண்டு நின்றான். காது செய்யாத வேலையையும் சேர்த்து மூக்கு செய்துகொள்ளும் போலும். உப்புக் காற்று எங்களுக்குத் தட்டுப்படுவதற்கு வெகு முன்னரே அவன் வால் ஆடத் தொடங்கிவிட்டது.

முட்டத்தின் அழகு, கடல் மணற்பரப்பாக வந்து முடியாமல் குன்றின் காலடியில் முட்டிக்கொண்டு நிற்பதில் இருக்கிறது. மேலே செம்மண் மேடு; அதன் சரிவில் மழை அரித்த ஓடைகள்; கீழே யானைகள் படுத்திருப்பது போன்ற கரும்பாறைகள்; அவற்றுக்கு இடையில் அலை புகுந்து வெள்ளையாகப் பொங்கி வெளியேறுகிறது. மேட்டின்மேல், தென்னைகளுக்கும் மேலாகக் கலங்கரை விளக்கம். ஆங்கிலேயர் காலத்தில், 19-ஆம் நூற்றாண்டில், இந்தக் கரையை ஒட்டிக் கடலுக்குள் மறைந்து கிடக்கும் பாறைகளுக்கு அஞ்சி வைத்தது. 1980-களில் தமிழ்ப் படக்காரர்கள் அடுத்தடுத்து இங்கே வந்து இந்தப் பாறைகளை ஊர் ஊராகக் கொண்டுபோய்க் காட்டிவிட்டார்கள். என் தலைமுறைக்கு முட்டம் என்றாலே ஏதோ ஒரு பாட்டு மனதில் ஓடும். மருமகனுக்கு அந்தத் தொல்லை இல்லை. அவன் நேரே வாசலுக்கு ஓடினான்.

வாசலில் இருந்தவர் நல்ல மனிதர். சிறுவனைப் பார்த்துச் சிரித்தார், நாய்களைப் பார்த்துத் தலையசைத்தார்.

"நாய்க்கு டிக்கெட் இல்ல சார். உள்ள விடவும் பிடாது."

"காது கேட்காத நாய், அண்ணாச்சி. சத்தம் போடாது."

"அதுக்குக் கேக்கலன்னா என்ன சார், அது கொரச்சா எங்களுக்குக் கேக்கும்லா?"

இதற்கு மறுமொழி இல்லை. உள்ளபடி சொன்னால் அந்த விதியில் குறை காண எனக்கு மனமும் இல்லை. குறுகலான சுழற்படி, அதன் முடிவில் இரும்பேணி, இறங்குகிறவர்களும் ஏறுகிறவர்களும் உரசிக்கொள்ளும் இடம். அங்கே முப்பது கிலோ எடையுள்ள ஒரு நாய் மிரண்டு திரும்பினால் என்னவாகும் என்பதை எண்ணிப் பார்த்தேன். அக்காளும் மருமகனும் ஏறப் போனார்கள். நான் இரண்டு கயிறுகளையும் மணிக்கட்டில் சுற்றிக்கொண்டு வேலிக்கு வெளியே ஒரு நிழலில் உட்கார்ந்தேன். இறங்கி வந்தவன் மூச்சு வாங்கச் சொன்ன முதல் செய்தி இதுதான்: "மாமா, மேலே இருந்து பார்த்தால் வெள்ளையன் மட்டும் பளிச்சென்று தெரிந்தான். நீங்கள் தெரியவேயில்லை."

"அந்த விளக்கு எவ்வளவு தூரம் தெரியும்?" என்பது அடுத்த கேள்வி. பூமி உருண்டையாக இருப்பதால் இதற்கு ஒரு கணக்கு இருக்கிறது. உயரத்தை மீட்டரில் எடுத்து, அதன் வர்க்கமூலத்தை ஏறக்குறைய 3.6-ஆல் பெருக்கினால் தொடுவானம் எத்தனை கிலோமீட்டரில் இருக்கிறது என்று தெரிந்துவிடும். கடல்மட்டத்துக்கு மேல் 40 மீட்டரில் ஒரு விளக்கு எரிந்தால் 22 கிலோமீட்டருக்குக் கொஞ்சம் கூடுதல். வள்ளத்தில் நிற்பவனின் கண் இரண்டு மீட்டரில் இருந்தால் அவன் பங்குக்கு இன்னும் ஐந்து. குன்றின்மேல் கட்டியதன் சூட்சுமம் அதுதான் என்றதும், தன் நோட்டில் எங்கள் வீட்டு மொட்டை மாடிக்குக் கணக்குப் போடத் தொடங்கினான். ஒளி அவ்வளவு தூரம் சிதறாமல் போவதற்குக் காரணம் பிரெஞ்சுக்காரரான ஃபிரெனெல் 1820-களில் செய்து காட்டிய கண்ணாடி. தடித்த ஒற்றை லென்ஸுக்குப் பதிலாக, வட்ட வட்டமாகப் பட்டகங்களை அடுக்கி, நாலாபக்கமும் சிதறிப் போகும் ஒளியை மடக்கிக் கிடைமட்டக் கற்றையாக்குவது அவரது முறை. அந்த லென்ஸைச் சுழலவிட்டால் கற்றை நம்மைக் கடக்கும் கணத்தில் மட்டும் கண்ணில் பளிச்சிடும். எத்தனை பளிச்சு, எத்தனை நொடி இடைவெளி என்பது ஒவ்வொரு கலங்கரை விளக்கத்துக்கும் வேறு வேறாக இருக்கும். மாலுமி அதை எண்ணித்தான் எந்தக் கரை என்று அறிகிறான். "அப்படியென்றால் நம் இரண்டு மின்னல் மாதிரி" என்றான் மருமகன். அப்படித்தான்.

வெயில் தாழ்ந்த பிறகு கடற்கரைக்கு இறங்கினோம். இறங்குமுன் புறங்கையை மணலில் வைத்துப் பார்த்தேன். என் கை தாங்காத சூட்டை நாயின் பாதமும் தாங்காது. பாறைகளின் பக்கம் கயிற்றை அவிழ்க்கவில்லை. பாசி பிடித்த பாறையில் மனிதனே வழுக்குகிறான். மேலும், பெரிய அலை வரும் ஓசையைக் கேட்டு ஒதுங்கக்கூடிய நாயல்ல எங்கள் வெள்ளையன். கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நண்டு வளை ஒன்றைத் தோண்டிக்கொண்டிருந்தவனை இருமுறை கயிற்றால் இழுக்க வேண்டியிருந்தது. சிட்டு அலையின் முழக்கத்தைக் கேட்டுக் கால்களுக்கு இடையில் வாலை இடுக்கிக்கொண்டாள். அவனுக்கோ கடல் என்பது தானாக வந்து காலை நனைத்துவிட்டுத் தானாகப் போகிற குளிர்ந்த நீர், அவ்வளவே. நுரையை நக்கிப் பார்த்துவிட்டு முகத்தைச் சுளித்தான். உப்புநீரை நாய்கள் வயிறு நிறையக் குடித்தால் வாந்தி, பேதி, இன்னும் மிஞ்சினால் வலிப்பு வரை போகும். ஆகவே சிரட்டையில் நல்ல தண்ணீரை அடிக்கடி ஊற்றிக்கொண்டே இருந்தேன்.

ஊர் நாய்கள் நான்கைந்து வள்ளங்களின் நிழலில் படுத்திருந்தன. அவை எழுந்து நின்று எங்களைப் பார்த்தன. நாங்கள் விலகி நடந்தோம். அது அவற்றின் கரை.

விபத்து என்று ஒன்று நடந்திருந்தால் அது சிட்டுவால் நடந்திருக்கும். வலையிலிருந்து கழித்துப்போட்ட குப்பைக்குள் அவள் மூக்கை விட்டு, காய்ந்து உருண்டையாகிப்போன ஏதோ ஒன்றைக் கவ்விக்கொண்டாள். நான் அதைக் காணவில்லை. மணலில் உட்கார்ந்து வலையின் கிழிசலைப் பிரித்துப் பார்த்துக்கொண்டிருந்த முதியவர் ஒருவர் எழுந்தே விட்டார்.

"லேய் பிள்ளே, அதப் பிடுங்கு! பேத்தையாக்கும் அது, தின்னாச் செத்துப்போவும்!"

வாயைப் பிளந்து பிடுங்கினேன். முள் முள்ளான தோல், உள்ளே வெறும் கூடு. பேத்தை மீனின் ஈரலிலும் முட்டையிலும் தோலிலும் இருக்கும் நஞ்சு சமைத்தாலும் போகாது. மூச்சுத் தசைகளை முடக்கிவிடும், மாற்று மருந்தும் கிடையாது. அதனால்தான் வலையில் ஏறியதைக் கரையிலேயே எறிந்துவிடுகிறார்கள், எறிந்ததை நாய்கள்தான் கண்டுபிடிக்கின்றன. அவள் வாயைத் தண்ணீர் விட்டுக் கழுவி, அரை மணி நேரம் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தோம். அவளுக்கு ஒன்றுமில்லை. எங்களுக்குத்தான் கை நடுக்கம் நிற்கவில்லை. கடற்கரைக்கு நாயைக் கொண்டு செல்பவர்கள் அலையைவிட அதிகமாகக் கரையில் கிடப்பதைக் கவனிக்க வேண்டும்: பேத்தை, சொறி என்கிற இழுதுமீன், அறுந்த தூண்டில் முள்.

முதியவரின் அருகிலேயே உட்கார்ந்துவிட்டோம். மருமகன் அவரைப் "பாட்டா" என்று கூப்பிட்டுப் பழகிக்கொண்டான். அந்தக் காலத்தில் பகலில் கரை திரும்ப, இரண்டு அடையாளங்களை ஒன்றன் பின் ஒன்றாகப் பொருத்திப் பார்ப்பார்களாம்: மலையின் ஒரு முனை, அதற்கு நேரே ஒரு கோயில் கோபுரமோ பனையோ. இரவில் இந்த விளக்கு. "இப்ப எல்லாவனும் ஜிபிஎஸ்ஸப் பாக்கான் மக்களே. அது செத்துப்போச்சுன்னா நிமிந்து வெளக்கப் பாப்பான்" என்றார். 2017 நவம்பர் கடைசியில் ஒக்கிப் புயல் வந்ததைப் பற்றி அவராகவே ஒரு வாக்கியம் தொடங்கி, முடிக்காமல் விட்டுவிட்டு வலையை எடுத்துக்கொண்டார். நாங்களும் கேட்கவில்லை.

சற்று நேரம் கழித்து வெள்ளையனைப் பார்த்து, "இது விளிச்சா திரும்பாதோ?" என்றார்.

"காது கேட்காது பாட்டா. வெட்டம் அடிச்சுத்தான் விளிப்போம்" என்றான் மருமகன்.

மதுரைப் பக்கத்து வாசகர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன்: எங்கள் பேச்சில் வெட்டம் என்றால் வெளிச்சம், விளிப்பது என்றால் கூப்பிடுவது. ஆனால் அந்தச் சிறுவன் தன்னையறியாமல் சொன்னது கலங்கரை விளக்கம் என்ற சொல்லின் பொருளையே. கலம் கரையை அடைய உதவும் விளக்கு என்றுதான் பள்ளியில் நான் நெடுநாள் நினைத்திருந்தேன். கரை என்பது அங்கே கடற்கரையைக் குறிக்கவில்லை. காக்கை கரைகிறது என்கிறோமே, அந்தக் கரைதல். பெரும்பாணாற்றுப்படை ஒரு துறைமுகத்தைச் சொல்லும் இடத்தில், ஏணி சாத்தியும் ஏறுதற்கரிய உயர்ந்த மாடத்தின் உச்சியில் இரவில் கொளுத்தி வைத்த தீ, "உரவுநீர் அழுவத்து ஓடுகலம் கரையும் துறை" என்று வருகிறது. வலிய கடற்பரப்பில் ஓடும் கலங்களை அந்தத் தீ கூப்பிடுகிறது. அலையின் முழக்கத்தில் எவன் குரலும் எடுபடாத தொலைவில், வாயில்லாத ஒன்று ஒளியால் கூவுகிறது. வெட்டம் அடித்து விளிக்கிற வேலைதான். பாட்டாவிடம் இதைச் சொன்னபோது, "பின்னே?" என்று கேட்டுவிட்டு ஊசியில் நூலைக் கோத்தார்.

வெள்ளையனின் விரலிடுக்குகளில் ஒட்டியிருந்த மணலைத் தட்டிவிடும்போது இன்னொன்று கண்ணில் பட்டது. வெள்ளை உரோமத்தில் அது தெளிவாகத் தெரிந்தது: குங்குமம் போல் சிவந்த பொடியும், காந்தத்தில் ஒட்டும் இரும்புத்தூள் போன்ற கறுத்த பொடியும், அங்கங்கே தேன் நிறத்தில் மணிகளும். இந்தக் கரை மணலில் கலந்திருக்கும் கனிமங்கள்தாம் அவை: சிவப்பு கார்னெட், கறுப்பு இல்மனைட். தேன் நிறத்தது மோனசைட்டாக இருக்க வேண்டும். இங்கிருந்து கூப்பிடு தூரத்தில், வள்ளியாற்றுக்கு அப்பால் இருக்கிற மணவாளக்குறிச்சியில்தான் 1909-இல் ஷோம்பெர்க் என்ற ஜெர்மானிய வேதியியலாளர் மோனசைட்டைக் கண்டறிந்தார். ஐரோப்பாவுக்கு ஏற்றுமதியான கயிற்றில் ஒட்டியிருந்த மணல்தான் அவரை இந்தக் கரைக்கு இழுத்தது. அவருக்கு வேண்டியது அதிலிருந்த தோரியம். ஆவெர் ஃபான் வெல்ஸ்பாக் வடிவமைத்த வாயுவிளக்கு வலைக்கு, அதாவது நம் கல்யாண வீடுகளில் எரிந்த பெட்ரோமாக்ஸ் மேண்டிலுக்கு, தோரியம் ஆக்சைடுதான் உயிர். மண்ணெண்ணெய் ஆவியில் அந்த வலையைச் சூடேற்றி எரிக்கும் விளக்குகள் மின்சாரம் வருவதற்கு முன் உலகின் பல கலங்கரை விளக்கங்களில் பயன்பட்டன. எத்தனையோ கடல்களில் எரிந்த வெட்டத்தில் இந்த மணலும் இருந்திருக்கும். நாயின் காலை உதறி அதைக் கீழே போட்டேன்.

சூரியன் கடலுக்குள் இறங்கியதும் கூட்டம் கலைந்தது. நாங்கள் குன்றிலிருந்து விலகி, விளக்கு பக்கவாட்டில் தெரியும் ஒரு மணல்திட்டில் நின்றோம். விளக்கின் அடியில் இருந்தால் கற்றை தலைக்கு மேலே போய்விடும், கண்ணில் படாது. வானம் இன்னும் கருக்காத நேரத்திலேயே விளக்கு ஏற்றப்பட்டுவிட்டது. முதலில் கண்ணாடிக் கூண்டுக்குள் ஒரு பொறி போலத்தான் இருந்தது. இருட்ட இருட்ட அது பொறியாக இல்லாமல் வீச்சானது.

வெள்ளையன் அப்போது படுத்திருந்தான். தலையைத் தூக்கினான். அடுத்த பளிச்சுக்கு எழுந்து நின்றான். நாய்க்கண்ணின் பின்புறம் ஒளியைத் திருப்பி அனுப்பும் படலம் ஒன்று உண்டு. மங்கலிலும் அசைவிலும் அதன் பார்வை நம்மைவிடக் கூர்மையானது. அவன் கயிறு இறுகும் மட்டும் குன்றை நோக்கி நடந்தான், நின்றான், திரும்பி என்னைப் பார்த்தான், மறுபடி குன்றைப் பார்த்தான். பிறகு எங்கள் வீட்டு முற்றத்தில் செய்வது போலவே மணலில் ஒழுங்காக உட்கார்ந்து, வாயை லேசாகத் திறந்துகொண்டு கருவாட்டுக்குக் காத்திருந்தான். மீண்டும் பளிச்சிட்டது. ஒரு முறை எழுந்து உட்கார்ந்தான். கூப்பிட்டதற்கு வந்தாயிற்று, கொடுக்க வேண்டியதைக் கொடு என்பது போல.

மருமகன் சிரித்துச் சிரித்து மணலில் விழுந்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. நாயின் மனதில் நான் எதையும் ஏற்றிவைத்துப் பேச விரும்பவில்லை. அது பழகிய ஒரு குறிக்குப் பழகியபடி நடந்துகொண்டது, அவ்வளவுதான். ஆனாலும் அத்தனை பெரிய குரலில் யாரும் அவனை இதுவரை கூப்பிட்டதில்லை என்று அப்போது தோன்றியதை மறைக்கவும் முடியவில்லை. டப்பாவைத் திறந்து ஒரு துணுக்குக் கொடுத்தேன். ஒன்று கொடுத்தால் விளக்கு நிற்குமா? அடுத்த சுற்றுக்கும் உட்கார்ந்தான். ஏழு துணுக்குகள் போன பிறகு அக்காள் டப்பாவை வாங்கி மூடிவிட்டாள்.

கிளம்பும்போது அவன் அசையவில்லை. மருமகன் காருக்கு அருகில் போய் நின்று எங்கள் டார்ச்சை இரண்டு முறை மின்னினான். வெள்ளையன் அந்தச் சின்ன வெட்டத்தைப் பார்த்தான், குன்றின்மேல் சுழன்ற பெரியதைப் பார்த்தான், இன்னொரு சுற்று வரும்வரை நின்றான். பிறகு டார்ச்சை நோக்கி ஓடி வந்தான். டப்பா அக்காளின் மடியில், காருக்குள் இருந்ததுதான் காரணம் என்று மருமகன் இன்றுவரை அடித்துச் சொல்கிறான். சிட்டு அதற்குள் முன்சீட்டைப் பிடித்துக்கொண்டு தூங்கிவிட்டிருந்தாள்.